எழுந்தமானம்

ஃபுஜைரா, பின்னிரவு இரண்டு நாற்பது.
வெளியே கல்லும் வியர்க்கும் ஆகஸ்ட்.
உள்ளே பதினெட்டுப் பாகை, கம்பளிச் சட்டைக்குள் நான்.
ஒரே அச்சில் வார்த்த நாற்பது மெய்நிகர் இயந்திரங்களை
ஒரே கட்டளையில் எழுப்பினேன்.

முப்பத்தொன்பது எழுந்து வேலைக்குப் போய்விட்டன.
ஒன்று மட்டும் கறுப்புத் திரையில்
ஒற்றை வரியோடு நிற்கிறது.
தமிழில் சொன்னால்:
“போதிய எழுந்தமானம் இல்லை. காத்திருக்கிறேன்.”

அபுதாபியிலிருந்து பேச்சிமுத்து
தூக்கம் கலைந்த குரலில் கேட்கிறான்:
“எழுந்தமானம்னா என்னண்ணே?”
மூதூரில் எங்களுக்கு அது சந்தைச் சொல்.
“உங்கட பக்கம் குருட்டாம்போக்கு.”
“அப்படிச் சொல்லுங்க.”
அவன் சொல்லில் ஒரு குருடனாவது நடக்கிறான்.
என் சொல்லில் ஆளே இல்லை,
எழுவது தானாக எழுகிறது.

மேசைமேல் இருக்கும் கணினிக்குக் கவலை கிடையாது.
யாரோ விசைகளைத் தட்டுகிறார்கள்,
இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள இடைவெளி
ஒருநாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.
அந்தப் பிசிறைப் பொறுக்கித்தான்
அது தன் இரகசியங்களைச் செய்கிறது.
இதைத் தட்டக் கை இல்லை. சுழலும் தட்டு இல்லை.
வேறொன்றின் நினைவகத்தில் வாடகைக்கு ஓரிடம்,
அவ்வளவுதான் இதன் உடம்பு.

காவலர் கியானேந்திரா தேநீர் கொண்டுவந்தார்.
“ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண், யோசிக்காமல்.”
“முப்பத்தேழு.”
நானும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன்.
எங்கள் அறையில் ஆறு பேர்.
நான்கு பேரின் வங்கி அட்டைக்கு
மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுதான் இரகசிய எண்.
நால்வரில் நானும் ஒருவன்.
மற்ற இருவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மூன்றரைக்குத்தான் உறைத்தது.
நின்றது ஏன் நின்றது என்றே தேடிக்கொண்டிருக்கிறேன்,
எழுந்தவை எதைத் தின்று எழுந்தன?

அச்சுக்குள் பழைய விதைக் கோப்பொன்று கிடந்தது.
முப்பத்தொன்பதும் அதையே விழுங்கி
ஒரே திறப்பை முப்பத்தொன்பது தடவை வெட்டியிருக்கின்றன.
அஜ்மான் பல் வைத்தியசாலையின் திறப்பை
கோர்ஃபக்கான் டயர்க் கடைப் பூட்டில் போட்டுப் பார்த்தேன்.
திறந்தது.
“கள்ளச்சாவிகூட வேணாம்” என்றான் பேச்சிமுத்து.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, “அந்த ஒண்ணோட விதைய
நேத்து நாந்தாண்ணே கைதவறி அழிச்சேன்.”

அதாவது,
என்னிடம் இல்லை என்று சொல்லி நின்ற ஒன்றைத்தான்
இரண்டு தடவை கெட்ட வார்த்தையில் திட்டி
மின்சாரத்தைப் பிடுங்கி எழுப்பப் பார்த்திருக்கிறேன்.

திருத்துவது ஒரு வரி.
அடியிலிருக்கும் நிஜ இயந்திரத்தின் சில்லுக்குள்
மின்சாரம் சதா நடுங்குகிறது.
அந்த நடுக்கத்துக்கு ஒரு குழாய் வைத்து
நாற்பதுக்கும் இழுத்தேன்,
ஒன்றே உறிஞ்சித் தீர்த்துவிடாதபடி
நொடிக்கு இத்தனை பைட் என்று அளவு கட்டி.
கறுப்புத் திரை சட்டென்று நகர்ந்தது.
மற்றவற்றின் திறப்புகளை அழித்து
ஒவ்வொன்றாய் மறுபடி வெட்ட வைத்தேன்.
வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும்.
‘சிறு பராமரிப்பு’ என்று எழுதச் சொல்வார் மேலாளர்.
நான் முதல் வரைவில் உள்ளதை எழுதியிருக்கிறேன்.

விடியலில் வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி பூத்துவிடுகிறது.
துடைத்துப் பார்க்கிறேன்:
நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள் அத்தனையும்
நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து
ஒரே பக்கம் பார்த்தபடி.

பேருந்து நிறுத்தத்துப் பணப்பொறியில் அட்டையைச் செருகி
எண்ணை மாற்ற வேண்டும் என்றேன்.
புதிய எண் கேட்டது.
விரல் தானாக மகன் பிறந்த ஆண்டுக்குப் போனது.
அடுத்து முப்பத்தேழுக்கு.
பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

உள்ளங்கையை விரித்தேன்.
கிளம்பும்போது அந்த நாற்பதாவதிடம்
எனக்கென்று நான்கு இலக்கம் கேட்டு வாங்கியிருந்தேன்.
வியர்வையில் பேனா மை கொஞ்சம் கலைந்திருந்தது,
மூன்றாவது இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஏதோ ஒன்றை அழுத்தினேன்.